சத்தம் குறைஞ்ச இடம்

பிள்ளை, குறை நினையாதேங்கோ, காதுக்குள்ள வைச்சிருக்கிறதை ஒருக்காக் கழட்டுங்கோ. ஒரு விசயம் கேக்கவேணும். உங்களுக்கு அதில சத்தம் ஒரே மட்டாக் கேக்குமோ, இல்லாட்டில் சில இடத்தில குறைஞ்சு குறைஞ்சு போகுமோ? போகாதோ. நல்ல சாமான் போல. என்னட்டையும் ஒண்டு கிடக்குது, பெரிசு, ரெண்டு காதையும் பொத்துற மாதிரி. அதில சத்தம் குறைஞ்சது. எல்லா இடத்திலயும் குறைஞ்சால் பழுது எண்டு சொல்லலாம். இது ஒரு இடத்தில மட்டும் குறைஞ்சது. அதை ஆரும் எனக்கு ஒழுங்கா விளங்கப்படுத்தேல்லை.

காலடியில கிடக்கிற உரப்பையோ? அதுக்குள்ளதான் மிசின் இருக்குது. மெல்லமாக் கதையுங்கோ. பொலிஸ் ஆரும் பஸ்ஸில ஏறிக் கேட்டால் புல்லு வெட்டுற மிசின் எண்டு சொல்லுவன். பிடியையும் தட்டையும் கழட்டி வைச்சிருக்கிறதால பாக்கவும் அப்பிடித்தான் இருக்கும். உண்மையில அது நிலத்துக்குக் கீழ தங்கம் தேடுற மிசின், அனுமதி இல்லாமல் வைச்சிருக்கக் கூடாதாம். கனடாவில இருக்கிற என்ர மகன் நிரூபன் வாங்கி விட்டவன். யாழ்ப்பாணத்தில ரேடியோ திருத்துற ஒராளிட்டைக் கொண்டு போறன். பரந்தனில ஏற்கனவே ஒருத்தனிட்டைக் காட்டினது. பழுதில்லை எண்டிட்டான். அவனுக்கு என்ன தெரியும், மீசையே ஒழுங்கா முளைக்கேல்லை.

யாழ்ப்பாணம் போய்ச் சேரக் கன நேரம் கிடக்குது. முதல்ல இருந்து சொல்லுறன், நீங்கள் படிச்ச பிள்ளை மாதிரிக் கிடக்குது, கேட்டுப்போட்டு நியாயம் சொல்லுங்கோ.

எங்கட ஊர் முல்லைத்தீவுப் பக்கம். ஒரே வளவுக்குள்ள ரெண்டு வீடு, ஒரு கிணறு. ஒரு வீட்டில நான். மற்ற வீட்டில என்ர தம்பியும், அவன்ர மனிசி தவமலரும், அவையின்ர பெட்டை மதுராவும். கடைசிச் சண்டை நேரம், செல் கிட்டக்கிட்ட விழத் துவங்க, வெளிக்கிட்டு ஓடுற அண்டைக்கு நானும் தவமலரும் சேர்ந்து நகையளைக் கிணத்தடி மண்ணுக்குள்ள தாட்டனாங்கள். அவளின்ர ஒரு சீலைத்துண்டில, என்ர ஒரு சீலைத்துண்டில முடிஞ்சு. அவள் ஒரு ஊறுகாய்ப் போத்தில் கொண்டு வந்தவள், அதுக்குள்ள போடுவம் மச்சாள் எண்டு. நான் விடேல்லை. கண்ணாடி உடையும், அறிவு கெட்டவளே எண்டு பேசிப்போட்டு, ரவைப்பெட்டி ஒண்டு கிடந்தது, துவக்கால சுடுற ரவை வைக்கிற பெட்டி, பச்சைப் பெயின்ற் அடிச்ச தடிச்ச இரும்பு, மூடியில ரப்பர் வைச்சது, அதுக்குள்ள வைச்சுப் பூட்டினனான். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது. அந்த மூளை எனக்குத்தான் வந்தது, அதைக் கட்டாயம் சொல்லவேணும்.

போற வழியில தம்பி செல் பட்டுச் செத்துப்போனான். அதைப் பற்றி நான் இப்ப கதைக்கேல்லை. கதைச்சால் மற்றதைச் சொல்ல ஏலாது.

சண்டை முடிஞ்சு முகாமில அடைச்சு வைச்சிருந்து வெளிய விட, நான் வவுனியாவில தங்கச்சி வீட்டோட நிண்டிட்டன். தவமலர்தான் பெட்டையையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய், வளவுக்குள்ள தறப்பாள் கொட்டில் போட்டு இருந்தவள். இதைக் கவனமாக் கேளுங்கோ. அத்தினை வருசமா அந்த வளவில இருந்தது அவள். நான் இல்லை. வளவெண்டாலும் பழைய வளவில்லை, புல்டோசர் விட்டு எல்லாத்தையும் மட்டமாக்கிப்போட்டாங்கள். மரமில்லை, வேலியில்லை, கிணறு தூர்ந்து கட்டு எங்க எண்டு தெரியாது. அங்க இஞ்ச கிண்டிப் பாத்தன் மச்சாள், காணேல்லை, வெடி கிடக்குமெண்டு ஆழமாக் கிண்டப் பயம் எண்டு எனக்குச் சொன்னவள். நானும் நம்பினன். அப்ப நம்பினன்.

பிறகு எனக்கும் வீட்டுத்திட்டத்தில வீடு கிடைச்சு, நானும் ஊருக்கு வந்திட்டன். மதுராவுக்கு ஒரு சம்மந்தம் சரிவந்தது, கிளிநொச்சியில பள்ளிக்கூட மாஸ்டர் பெடியன், நல்ல குடும்பம். அப்பதான் தவமலர் என்னட்டை வந்து கேட்டவள். நிரூபனிட்டைச் சொல்லி ஒரு மிசின் எடுப்பியுங்கோ மச்சாள், என்ர தாலிக்கொடியை அழிச்சுப் பிள்ளைக்குச் செய்யலாம் எண்டு. அவளேதான் கேட்டவள் பிள்ளை. பாத்தியளோ, எவ்வளவு சாதுரியம். தானே மிசின் கேட்டால் தன்னில ஆரும் சந்தேகப்படமாட்டினம்தானே.

மிசின் வந்தது. அதைப் பிடிக்கச் சீலன் எண்டு ஒராளைக் கூப்பிட்டம். நாப்பது வயது இருக்கும், கண்ணிவெடி எடுக்கிற நிறுவனத்தில கன காலம் வேலை செய்தவன், இப்ப மேசன் வேலை. ஆரும் கேட்டால் தென்னம்பிள்ளை வைக்கக் கிடங்கு வெட்டுறம் எண்டு சொல்ல, ரெண்டு தென்னம்பிள்ளையும் வாங்கி வாசலில வைச்சனாங்கள்.

முதல் நாள் மிசின் கத்தின கத்து! ஒரு அடி வைக்கக் கத்தும், கிண்டினால் செல் துண்டு. அடுத்த அடிக்குக் கத்தும், கிண்டினால் இன்னொரு செல் துண்டு. ஆணி, கம்பி, ரவைக்கோது. பின்னேரம் ஒரு வாளி நிறைய இரும்பு, ஒரு பொட்டுத் தங்கமில்லை. எங்கட மண்ணில மண்ணை விட இரும்பு கூட. நிரூபனுக்கு வீடியோவில காட்டினன். அவன் புத்தகத்தை வாசிச்சுப்போட்டு, அம்மா, இரும்பைக் கணக்கில எடுக்காமல் விடுறதுக்கு அதில ஒரு பட்டின் இருக்கு, அதை அமத்துங்கோ எண்டான். சீலன் அமத்தினான். பிள்ளை, மந்திரம் போட்ட மாதிரி மிசின் அடங்கிட்டுது. சும்மா நிக்கேக்குள்ள காதுக்குள்ள நுளம்பு பறக்கிற மாதிரி மெல்லிய ஒரு இரைச்சல், அவ்வளவுதான். தங்கம் வந்தால் அது பலக்குமாம்.

சீலன் தன்ர பழைய பழக்கத்தில கயிறு கட்டி, பாதை பாதையாப் பிரிச்சு, முழந்தாளில நிண்டு நிண்டு போனான். பாத்து முடிஞ்ச இடத்தில வெள்ளைத் தடி குத்துவான். எங்கட வேலையில அப்பிடித்தான் அன்ரி, மிசின் பேசாட்டில் அந்த இடம் சுத்தம், கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் எண்டு சொன்னான். அத்தினை வருசம் அந்த வேலையில உயிரோட இருந்தவன் சொன்னால் நம்பத்தானே வேணும்.

ரெண்டு மூண்டு நாள் ஒண்டும் இல்லை. பிறகு தவமலர் வந்து, கிணறு இஞ்சதான் இருந்தது மச்சாள், இந்த இடத்தில தண்ணி ஊத்துப் பிடிச்சு ஈரம் கிடக்குது பாருங்கோ, பெட்டி இதுக்குக் கிட்டத்தான் எண்டு ஒரு இடத்தைக் காட்டினவள். நான் நினைச்சது அந்த இடமில்லை, இன்னும் கிழக்கால. எண்டாலும் பாப்பம் எண்டு சீலன் தட்டை அங்க கொண்டு போனான்.

அங்கதான் சத்தம் குறைஞ்சது.

கூடேல்லை, குறைஞ்சது. அந்த நுளம்பு இரைச்சலும் செத்துப்போச்சு. சீலன் ஹெட்போனைக் கழட்டித் தட்டிப் பாத்தான். நானும் வாங்கிக் காதில வைச்சுப் பாத்தன். தட்டை அந்த இடத்துக்கு மேல கொண்டு போகச் சத்தம் இல்லை. இஞ்சால எடுக்கச் சத்தம் வருது. திரும்பக் கொண்டு போக, இல்லை. மிசினுக்கு ஏதோ பிடிச்சிட்டுது எண்டு நிரூபனுக்கு எடுத்தம். அங்க விடியப்புறம், பாவம், நித்திரையால எழும்பிச் சொன்னான். சத்தம் கூட்டுற திருகாணியைப் பாருங்கோ. பாத்தம், முழுக்கக் கூட்டித்தான் கிடக்குது. பற்றறியை மாத்துங்கோ. மாத்தினம். ஹெட்போன் செருகிற ஓட்டையைத் துடையுங்கோ. பஞ்சில ஓடிக்கொலோன் நனைச்சுத் துடைச்சம். வயர் தடியில இறுக்கமாச் சுத்திக் கிடக்குதோ பாருங்கோ. அவிட்டுத் திருப்பிச் சுத்தினம். நிப்பாட்டித் திருப்பிப் போடுங்கோ. போட்டம். ஹெட்போனே வேண்டாம், கழட்டிப்போட்டு மிசின்ர வாயால கேளுங்கோ. அயலட்டை கேட்டாலும் கேக்கட்டும் எண்டு அதையும் செய்தம்.

எல்லாம் செய்து, வாசலடியில வைச்சுப் பாத்தால் மிசின் தங்கம். நல்ல சத்தம். அந்த இடத்துக்குக் கொண்டு போனால் ஊமை. கடைசியா நிரூபனுக்குக் கோவம் வந்திட்டுது. அம்மா, மண்ணில உப்புக் கிடக்கும், ஈரம் கிடக்கும், என்னை வேலைக்குப் போக விடுங்கோ எண்டு வைச்சிட்டான்.

அப்பதான் பரந்தனுக்குக் கொண்டு போனது. அந்தப் பெடியன் தன்ர மோதிரத்தைக் கழட்டி மேசையில வைச்சான், மிசின் கத்திச்சுது. பிறகு கடையின்ர இரும்புக் கேற்றுக்குக் கிட்டக் கொண்டு போனான், இரைச்சல் நிண்டிட்டுது. பாத்தியளோ அம்மா, இரும்பைக் கண்டால் வாய் மூடச் சொல்லி நீங்கள்தான் அமத்தி வைச்சிருக்கிறியள், மிசினில பிழை இல்லை எண்டான். தம்பி, நான் இரும்பு தேடேல்லை, தங்கம் தேடுறன், எனக்கு ஏன் கேற்றைக் காட்டுறாய் எண்டு கேட்டன். அவன் சிரிச்சான். எனக்குச் சிரிக்கிற ஆக்களைக் கண்ணில காட்டக் கூடாது.

அப்ப மிசின் சரி. மிசின் சரியெண்டால் அந்த இடத்தில தங்கம் இல்லை. சீலன் வளவு முழுக்கத் தடி குத்தி முடிச்சிட்டான், அந்த இடத்திலயும் குத்திட்டான். சுத்தம் எண்டு. ஒரு இடத்திலயும் தங்கம் இல்லையெண்டால் எங்க போனது? கால் முளைச்சு நடந்ததோ? அந்த வளவில அத்தினை வருசம் தனிய இருந்தது ஆர்? கொட்டிலாக் கிடந்தது கல்வீடு ஆனது எப்பிடி? வீட்டுத்திட்டம் எண்டு அவள் சொல்லுறாள். எனக்கும் அதே திட்டம்தான், என்ர வீட்டுக்கு இன்னும் நிலம் பூசேல்லை, அவளின்ர வீட்டுக்குப் பூசியாச்சு. தையல் மிசின் வேற. தைச்சுத் தைச்சுச் சேத்ததாம்.

நான் நேர கேக்கிற ஆள் பிள்ளை. மனசில வைச்சுக்கொண்டு சிரிக்க எனக்குத் தெரியாது. கேட்டன். அவள் அப்பிடியே நிலத்தில இருந்திட்டாள். என்ன மச்சாள், என்னையோ கேக்கிறியள் எண்டாள். உன்னைத்தான் எண்டன்.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனன். பூசை முடிஞ்சு சனம் நிக்கேக்குள்ள, வெத்திலையில கற்பூரம் கொளுத்தி வைச்சு, எடுக்கேல்லை எண்டால் கையால அடிச்சு அணை எண்டு சொன்னன். எங்கட பக்கம் அதுக்கு மேல ஒரு நீதிமன்றம் இல்லை. பொய் எண்டு தெரிஞ்சு கற்பூரத்தில கை வைக்க ஆருக்கும் துணிவு வராது. அவள் மதுராவை ஒருக்காப் பாத்தாள். நான் எடுக்கேல்லை, என்ர பிள்ளையாணை எண்டு சொல்லி வலக்கையை அப்பிடியே நெருப்பில வைச்சு அமத்தினாள். கை நடுங்கேல்லை. சனம் எல்லாம் எனக்கு முகத்தைச் சுழிச்சுக்கொண்டு போச்சுது. கள்ளத்தில ஊறின ஆக்களுக்குக் கை எப்பிடி நடுங்கும் எண்டு அண்டைக்கே நாலு பேருக்குச் சொன்னன்.

நாலு பேர் நாப்பது பேருக்குச் சொல்லுவினம்தானே. கிளிநொச்சிக்கும் போயிட்டுது. மாஸ்டர் வீட்டுக்காரர் கொஞ்ச நாள் இழுத்துப்போட்டு, பிள்ளையின்ர சாதகம் பொருந்தேல்லை எண்டு சொல்லி நிப்பாட்டிட்டினம். நான் ஒருத்தரையும் நிப்பாட்டச் சொல்லேல்லை. அவையாக் கேட்டினம், நான் நடந்ததைச் சொன்னன். பொய் சொல்லச் சொல்லுறியளோ?

அதுக்குப் பிறகுதான் தவமலர் கிண்டத் துவங்கினவள். ஒருத்தரோடயும் கதை இல்லை. காலமை தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு அலவாங்கையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தால் வெயில் ஏறு மட்டும் கிண்டுவாள். அம்பத்தெட்டு வயதில. மதுரா அழுது கெஞ்சிப் பாத்தாள். அம்மா, வெடி கிடக்கும் எண்டு. அவள் சீலனைக் கூப்பிட்டுக் கேட்டவள், தம்பி, நீ தடி குத்தின இடம் எல்லாம் சுத்தம்தானே எண்டு. ஓம் அக்கா, மிசின் ஒண்டும் சொல்லேல்லை, பயப்பிடாமல் கிண்டுங்கோ எண்டு அவனும் சொன்னவன். அதுக்குப் பிறகு அவள் பயமில்லாமல் கிண்டினாள். தான் காட்டின அதே இடத்தில, அந்த ஈர மண்ணில.

நான் அண்டைக்குக் குசினியில தேங்காய் துருவிக்கொண்டு இருந்தனான். சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், எங்கட ஆக்கள் எல்லாருக்கும் தெரியும். பங்கருக்குள்ள போகவேணும் எண்டுதான் உடம்பு சொல்லிச்சுது, பங்கர் எங்க இப்ப. மதுராவின்ர குரல் கேட்ட பிறகுதான் ஓடினன்.

கைக்குண்டு. எந்தக் காலத்திலயோ ஆரோ விட்டிட்டுப் போனது. வலக்கை மணிக்கட்டோட இல்லை. ஒரு கண். வயித்தில காயம். சீலன் பக்கத்து வீட்டில கல்லுக் கட்டிக்கொண்டு நிண்டவன், ஓடிவந்து தன்ர சாரத்தைக் கிழிச்சு இறுக்கிக் கட்டி ஓட்டோவில ஏத்தினான்.

ஏத்தி விட்டிட்டு அவன் திரும்பி வந்து கிடங்குக்குள்ள எட்டிப் பாத்தான். கிடங்கின்ர அடியில பச்சையா ஒரு மூலை தெரிஞ்சது.

ரவைப்பெட்டி. ஒரு பக்கம் நெளிஞ்சு கிடந்தது, மற்றும்படி ஒண்டுமில்லை. பொலிஸ் வாறதுக்கு முதல் சீலன் தூக்கிக்கொண்டு வந்து என்ர குசினியில வைச்சான். திறந்தம். ரெண்டு சீலைத்துண்டும் முடிஞ்ச முடிச்சு அவிழாமல் கிடந்தது. என்ர சங்கிலி, என்ர தோடு, என்ர பதக்கம். அவளின்ர தாலிக்கொடி, அவளின்ர காப்புச் சோடி. ஒரு குண்டுமணி குறையேல்லை. உள்ள ஈரம் கூட இல்லை.

சீலன் தலையில அடிச்சு அழுதான். அன்ரி, பெட்டி இரும்பு, குண்டும் இரும்பு, இரும்பைக் கண்டால் பேசாதை எண்டு நாங்கள்தான் மிசினுக்குச் சொல்லி வைச்சனாங்கள், அது பேசாமல் இருந்ததுதான் பதில், நான் அதைச் சுத்தம் எண்டு சொல்லிப்போட்டன், அக்காவை நான்தான் சாவுக்கு அனுப்பிப்போட்டன் எண்டு. ஆம்பிளை அப்பிடி அழுது நான் காணேல்லை. இப்ப வேலைக்கும் போறேல்லையாம், குடிச்சுப்போட்டுக் கிடக்கிறானாம். பெரிய புத்திசாலி. அவனுக்கு நான் ஒண்டுதான் சொன்னன். நான் தேடினது பெட்டியை இல்லை, தங்கத்தை. தங்கம் அதுக்குள்ளதானே இருந்தது? பரந்தனில ஒரு மோதிரத்துக்குக் கத்தின மிசின், அவ்வளவு நகைக்குக் கத்தாதோ? இந்தக் காதால கேட்டனான், ஒரு சத்தமும் இல்லை. அப்ப அங்க நகை இல்லை. பிறகு இருந்தது. நடுவில என்ன நடந்தது?

அவள் கொண்டுவந்து வைச்சிருக்கிறாள். சத்தியம் பண்ணின பிறகு பயம் பிடிச்சிருக்கும். கிண்டுற மாதிரிக் கிண்டி, ஒளிச்சு வைச்சிருந்ததைத் திரும்பத் தாட்டிருக்கிறாள். புதைக்கேக்குள்ளதான் வெடிச்சது. அந்தக் கையையே அம்மன் எடுத்தா எண்டு கடையடியில ரெண்டு பேர் சொன்னவை. சரி, நான்தான் முதல்ல சொன்னனான். அவையும் ஓம் எண்டவை. இப்ப ஒருத்தரும் ஓம் எண்டுறேல்லை. நான் கடைக்குப் போனால் கதை நிண்டு போகுது.

முடிச்சு அவிழாமல் இருந்ததே எண்டு கேக்கிறியளோ? கேக்கிற முகம்தான் இது. முடிச்சைத் திரும்பப் போடக் கூடாதோ? நான் போட்ட மாதிரியே அவளுக்கும் முடிச்சுப் போடத் தெரியாதோ? எனக்குத் தெரியும் பிள்ளை, அது நான் போட்ட முடிச்சுத்தான். அந்த அவதியிலயும் ரெண்டு சுத்துச் சுத்திப் போட்டனான். தெரியும். பாத்த உடன தெரியும்.

போன கிழமை யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்குப் போய் அவளைப் பாத்தனான். அவளின்ர நகை முழுக்க ஒரு துண்டில முடிஞ்சு கொண்டு போனன். மதுரா வாங்கேல்லை. காப்புச் சோடியைப் பாத்துப்போட்டு, ரெண்டு எதுக்கு மாமி எண்டு கேட்டாள். எப்பிடிக் கேக்கிறாள் பாருங்கோ, சின்னனில என்ர மடியில வளர்ந்தவள். இந்தா, இப்பவும் கைப்பைக்குள்ளதான் கிடக்குது. இண்டைக்கு எப்பிடியும் குடுத்துப்போடவேணும்.

தவமலர் கதைச்சவள். குரல் இல்லை, வாய்க்குக் கிட்டக் குனியவேணும். நகை கிடைச்சதோ எண்டு கேக்கேல்லை. கையைப் பற்றி ஒண்டும் இல்லை. மச்சாள், இப்ப ஊருக்குச் சொல்லுவியளே எண்டாள். அவ்வளவுதான். நான் முதல் சுகமாகு, பிறகு பாப்பம் எண்டன். திரும்பவும் அதையேதான் கேட்டாள். இப்ப சொல்லுவியளே மச்சாள், மாஸ்டர் வீட்டுக்காரருக்கும் சொல்லுவியளே எண்டு. நேர்ஸ் வந்து நேரமாச்சு எண்டா. நல்ல காலம்.

அதுதான் மிசினை எடுத்துக்கொண்டு வந்தனான். யாழ்ப்பாணத்து ஆள் வயசான மனிசன், அனுபவசாலியாம். திறந்து பாத்து, உள்ளுக்குள்ள ஒரு வயர் எண்டாலும் விட்டுப்போச்சு, சத்தம் வராததுக்கு இதுதான் காரணம் எண்டு அவர் ஒரு சொல்லுச் சொன்னால் காணும். நேர ஆசுபத்திரி வாட்டுக்குப் போய், தவம், மிசின் பழுதாம் எண்டு சொல்லுவன். ஊருக்கும் அப்பிடியே சொல்லுவன், கிளிநொச்சிக்குப் போயும் சொல்லுவன், எனக்கென்ன வெக்கம். மிசின்ர தலையில போட்டால் அது அழப்போறேல்லை. பழுதில்லை எண்டு அவரும் சொன்னால், பிறகு நான் என்ன செய்யிறது? அவள் எடுத்தவள் எண்டுதான் இருக்கவேணும். வேற வழி இல்லை.

என்ன, தலையை ஆட்டுறியள்? பழுதில்லாத மிசின், எடுக்காத மனிசி, ரெண்டும் ஒண்டா இருக்கலாம் எண்டுறியளோ. நீங்களும் சீலன்ர ஆள் போல. சரி, இருக்கட்டும். நீங்கள் எங்கட ஊர் இல்லை, என்னைத் திரும்பக் காணவும் போறேல்லை, மறைக்காமல் சொல்லுங்கோ. அவள் எடுக்கேல்லை எண்டு நான் என்ர வாயால ஊருக்குச் சொன்னால், பிள்ளை, அந்தக் கை ஆரின்ர கணக்கில விழும்?